கோப்புப் பூட்டு யாருக்குச் சொந்தம்?

உபுண்டு அல்லது டெபியன் கணினியில் புதிய மென்பொருளை நிறுவப் போகும்போது சில நேரம் வேலை பாதியில் நிற்கும். பூட்டு கிடைக்கவில்லை, வேறொரு ப்ராசஸ் அதை வைத்திருக்கிறது என்று திரையில் செய்தி வரும். பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்பு அப்டேட்தான் பெரும்பாலும் அந்த வேறொரு ப்ராசஸ். இதற்கு வழி தேடுகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் யோசனை, அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள் என்பது. அழித்ததும் செய்தி மறைந்துவிடும், நிறுவலும் தொடங்கிவிடும். யோசனை சொன்னவர் சொன்னது சரிதான் என்று தோன்றும்.

உண்மையில் பூட்டு அந்தக் கோப்புக்குள் இல்லை. அது இயங்குதளத்தின் மையமான கர்னலின் நினைவகத்தில், அந்தக் கோப்பின் ஐநோட்டோடு, அதாவது பெயரைச் சாராத அதன் அடையாளப் பதிவோடு, சேர்த்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. பெயரை அழித்தாலும் பழைய ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஐநோட் அப்படியே இருக்கிறது, அதன் மேலுள்ள பூட்டும் இருக்கிறது. புதிதாக வரும் நிறுவி அதே பெயரில் வேறொரு கோப்பை உருவாக்குகிறது. அதற்கு வேறு ஐநோட். அதன் மேல் யாரும் பூட்டுப் போடவில்லை, ஆகவே உடனே கிடைத்துவிடுகிறது. இப்போது இரண்டு நிறுவிகள், ஒவ்வொன்றும் தனக்கே உரிமை என்று நம்பிக்கொண்டு, கணினியின் ஒரே மென்பொருள் பட்டியலைத் திருத்துகின்றன. டெபியனின் ஆப்ட் கருவி இப்போதெல்லாம் பூட்டை வைத்திருக்கும் ப்ராசஸின் எண்ணையும் பெயரையும் காட்டுகிறது. பூட்டுக் கோப்பை அழிப்பது தீர்வாகாது, கணினியின் அமைப்பே கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே தருகிறது.

பூட்டு எங்கே இருக்கிறது, யாருக்குச் சொந்தம், எப்போது விலகுகிறது என்ற மூன்று கேள்விகளும் இந்த ஒரு நிகழ்விலேயே இருக்கின்றன. இயங்குதளங்கள் நாற்பது ஆண்டுகளாக இவற்றுக்கு ஒன்றுக்கொன்று முரணான பதில்களைத் தந்து வந்திருக்கின்றன. என் வாதம் இதுதான்: இயங்குதளம் தரும் பூட்டு, அதைப் போட்டவருக்குத் தெரியாமல் பறிபோகக் கூடாது. போட்டவர் மறைந்த பிறகு தங்கி நிற்கவும் கூடாது. மற்ற விதிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து பிறப்பவை.

கட்டாயமில்லாத பூட்டு ஏன்?

ஒரு கணக்குக் கோப்பில் இருப்பு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிரல் அதைப் படித்து 1,000 கூட்டுகிறது. அதே கணத்தில் இன்னொரு நிரல் படித்து 500 கழிக்கிறது. இரண்டும் 5,000 என்றே படித்திருந்தால், கடைசியில் கோப்பில் நிற்பது 6,000 அல்லது 4,500. சரியான விடையான 5,500 எங்கும் வராது. படிப்பதையும் திருத்துவதையும் எழுதுவதையும் ஒரே செயலாகக் கட்டிவைப்பதற்குத்தான் பூட்டு.

இந்தப் பூட்டில் இரண்டு வகை உண்டு. கட்டாயப் பூட்டில், பூட்டிய பகுதியை வேறொரு நிரல் படிக்கவோ எழுதவோ முயன்றால் கர்னலே தடுத்து நிறுத்தும். ஒப்புதல் பூட்டில் கர்னல் கணக்கு மட்டுமே வைத்திருக்கும். பூட்டு இருக்கிறதா என்று கேட்கும் நிரலுக்கு உண்மையைச் சொல்லும், கேட்காமல் எழுதும் நிரலைத் தடுக்காது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போன்றது இது. துண்டு யாரையும் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை, வழக்கத்தை எல்லோரும் மதிப்பதால் அந்த இடம் காக்கப்படுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் கட்டாயப் பூட்டே பாதுகாப்பானது என்று தோன்றும். அனுபவம் வேறு மாதிரி. சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் வழியில் வந்த கட்டாயப் பூட்டு லினக்ஸிலும் இருந்தது. கோப்பு முறைமையை அதற்கென ஒரு விருப்பத்தோடு ஏற்ற வேண்டும். கோப்பின் குழு இயக்க அனுமதியை எடுத்துவிட்டு, செட்ஜிஐடி பிட்டை மட்டும் வைக்க வேண்டும். இத்தனை செய்தும் அது நம்பத்தக்கதாக இல்லை. பூட்டு இருக்கிறதா என்று கர்னல் சோதிக்கும் கணத்துக்கும் எழுத்து உண்மையில் நடக்கும் கணத்துக்கும் இடையில் இன்னொருவர் பூட்டுப் போட்டுவிட முடியும். கோப்பை நினைவகத்தோடு இணைத்து எழுதும் நிரல்களால் சிக்கல் இன்னும் கூடியது. லினக்ஸின் ஆவணங்களே இந்தக் குறையை ஒப்புக்கொண்டன. பயன்படுத்துவோரும் அரிதாகிவிட, 2021இல் வந்த 5.15 பதிப்பில் கட்டாயப் பூட்டு முழுவதும் நீக்கப்பட்டது.

அது சரியான முடிவு. எந்தப் பைட்டுகள் சேர்ந்து ஒரு முழுச் செயலாகின்றன என்பது நிரலுக்குத் தெரியும், கர்னலுக்குத் தெரியாது. கட்டாயப் பூட்டு ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தடுக்கலாம். பூட்டைப் பற்றி அறியாத நிரல் பழைய மதிப்பைப் படித்து வைத்துக்கொண்டு, பூட்டு விலகியதும் அதன்மேல் எழுதினால் அதைத் தடுக்க முடியாது. ஒத்துழைக்கும் நிரல்களுக்குக் கட்டாயம் தேவையில்லை. ஒத்துழைக்காதவற்றைத் தடுக்கக் கோப்பு அனுமதிகள் இருக்கின்றன. எனவே ஒப்புதல் பூட்டே போதும். ஆனால் கணக்கு வைத்திருப்பது மட்டுமே தன் வேலை என்று கர்னல் எடுத்துக்கொண்டால், அந்தக் கணக்கில் பிழை இருக்கக் கூடாது. வரலாற்றில் சறுக்கல் நேர்ந்தது இந்த இடத்தில்தான்.

இரண்டு வழிகள், இரண்டு உரிமையாளர்கள்

1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் ஃப்ளாக் என்ற அழைப்பு வந்தது. அது கோப்பு முழுவதையும் பூட்டும். பலர் சேர்ந்து படிக்கப் பகிர்வுப் பூட்டு, ஒருவர் மட்டும் எழுதத் தனிப்பூட்டு. ஏடி அண்ட் டி யூனிக்ஸின் பக்கத்தில் எஃப்கண்ட்ரோல் அழைப்பின் வழியாக வேறொரு பூட்டு வளர்ந்தது. கோப்பின் எந்தப் பைட்டிலிருந்து எந்தப் பைட் வரை என்று சொல்லி ஒரு பகுதியை மட்டும் அது பூட்டும். தரவுத்தளங்களுக்கு இந்த வசதி அவசியம். 1988இல் வந்த, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான முதல் பாசிக்ஸ் தரநிலை ஏற்றுக்கொண்டது இந்த இரண்டாவது வகையைத்தான், ஆகவே அதைப் பாசிக்ஸ் பூட்டு என்போம்.

முழுக்கோப்பா பகுதியா என்பது சிறு வேறுபாடு. பெரிய வேறுபாடு உரிமையில் இருக்கிறது. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது கர்னல் ஒரு பதிவை உருவாக்குகிறது. எவ்வளவு தூரம் படித்தாயிற்று, படிக்கவா எழுதவா என்பதெல்லாம் அதில் இருக்கும். இதைத் திறப்புப் பதிவு என்று சொல்வோம். நிரலின் கையில் கிடைக்கும் டிஸ்கிரிப்டர் எண் அந்தப் பதிவைச் சுட்டுவது. ஃப்ளாக் பூட்டு இந்தத் திறப்புப் பதிவுக்குச் சொந்தம். பாசிக்ஸ் பூட்டோ ப்ராசஸுக்குச் சொந்தம். எந்தத் திறப்பின் வழியாகப் பூட்டினோம் என்பதைக் கர்னல் நினைவில் வைப்பதே இல்லை.

இதனால் விளைவது இரண்டு. ஒன்று, ஒரே ப்ராசஸுக்குள் இருக்கும் இரண்டு த்ரெட்கள் ஒரே கோப்பைத் தனித்தனியாகத் திறந்து தனிப்பூட்டுக் கேட்டால், இரண்டுக்கும் கிடைத்துவிடும். இரண்டும் ஒரே உரிமையாளர் என்பது கர்னலின் கணக்கு. இரண்டாவது இதைவிட மோசமானது. அந்தக் கோப்பைச் சுட்டும் ஏதாவது ஒரு டிஸ்கிரிப்டரை ப்ராசஸ் மூடினால்கூட, அந்தக் கோப்பின் மேல் அது வைத்திருந்த எல்லாப் பூட்டுகளும் விலகிவிடும். பூட்டுப் போட்ட டிஸ்கிரிப்டர் திறந்தே இருந்தாலும் இதுதான் நடக்கும்.

பிஎஸ்டியின் கையேட்டுப் பக்கம் இதற்குத் தரும் உதாரணம் இன்றும் படிக்கத் தக்கது. கடவுச்சொல் கோப்பைத் திருத்தும் நிரல் ஒன்று அதைத் திறந்து, முறையாகப் பூட்டுப் போடுகிறது. வேலையின் நடுவில் ஒரு பயனரின் விவரம் தேவைப்படுகிறது. அதற்கென்று இருக்கும் நூலகச் செயற்கூற்றை அழைக்கிறது. அந்தச் செயற்கூறு உள்ளே அதே கடவுச்சொல் கோப்பைத் திறந்து, படித்து, மூடிவிட்டு, கேட்ட விடையைத் தருகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் அந்த ‘மூடு’ நடந்த நொடியில் நிரலின் பூட்டு போய்விட்டது. அது தெரியாமலே நிரல் தொடர்ந்து எழுதுகிறது. இந்த நடத்தையை முழு முட்டாள்தனம் என்றே அந்தக் கையேட்டின் ஆசிரியர்கள் எழுதி வைத்தார்கள். கடுமையான சொல்தான், ஆனால் பொருத்தமானது. நூலகம் உள்ளே என்னென்ன கோப்புகளைத் திறக்கிறது என்பதை அழைப்பவர் அறிந்திருக்க வேண்டும் என்று கேட்பது, நூலகம் என்ற ஏற்பாட்டின் அடிப்படையையே மறுப்பது.

எஸ்கியூலைட் சுமந்த பாரம்

இந்தக் குறையின் விலையை அறிய எஸ்கியூலைட்டின் மூலநிரலைப் பார்த்தால் போதும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், ஐபோன்கள் அனைத்திலும் இருக்கும் தரவுத்தள நூலகம் அது. அதற்குத் தனி சர்வர் கிடையாது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. பல நிரல்கள் அதை ஒரே நேரத்தில் திறக்கலாம். அவற்றுக்கிடையே ஒழுங்கைக் காப்பது கோப்புப் பூட்டு மட்டுமே.

யூனிக்ஸ் கணினிகளில் எஸ்கியூலைட் பாசிக்ஸ் பூட்டையே நம்புகிறது. ‘ஏதாவது ஒன்றை மூடினால் எல்லாம் போகும்’ என்ற விதியிலிருந்து தப்ப, அது ப்ராசஸுக்குள் தானே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஐநோட்டுக்கும் எத்தனை இணைப்புகள் திறந்திருக்கின்றன, யார் எந்தப் பூட்டை வைத்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பட்டியல் சொல்லும். ஒரு இணைப்பை மூடச் சொல்லும்போது, அதே கோப்பின் மேல் இன்னொரு இணைப்புக்குப் பூட்டு இருந்தால், டிஸ்கிரிப்டரை உண்மையில் மூடாமல் ஒதுக்கி வைக்கிறது. எல்லாப் பூட்டுகளும் விலகிய பிறகுதான் மூடுகிறது. கர்னல் வைத்திருக்க வேண்டிய கணக்கை ஒரு நூலகம் தன் தலையில் சுமக்கிறது.

அப்படியும் முழுப் பாதுகாப்பு இல்லை. தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் நிரலே, எஸ்கியூலைட்டின் வழியாகப் போகாமல், நகலெடுப்பதற்காக அந்தக் கோப்பை நேரே திறந்து மூடினால் பூட்டுகள் போய்விடும். ஒரே நிரலுக்குள் எஸ்கியூலைட்டின் இரண்டு பிரதிகள் இணைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல். ஒன்று மூடுவது மற்றதன் பூட்டை அழித்துவிடும். தரவுத்தளம் கெட்டுப்போகும் வழிகள் என்று எஸ்கியூலைட் குழு தன் ஆவணத்தில் தொகுத்திருப்பவற்றில் இந்த இரண்டும் உண்டு.

சம்பா போன்ற கோப்பு சர்வர்களுக்கும் இதே துன்பம். ஒரே கோப்பைப் பல வாடிக்கையாளர்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் சர்வர், யாருக்காக எந்தப் பூட்டு என்பதைக் கர்னலிடம் சொல்ல வழியில்லாமல் இருந்தது. அதற்குத் தீர்வாக ஜெஃப் லேட்டன் உருவாக்கிய புதிய வகைப் பூட்டு, 2014இல் லினக்ஸ் 3.15இல் சேர்ந்தது. எஃப்கண்ட்ரோல் போலவே பைட் வரம்பைப் பூட்டும், ஆனால் ஃப்ளாக் போலவே திறப்புப் பதிவுக்குச் சொந்தம். இதை ஓஎஃப்டி பூட்டு என்கிறார்கள். இரண்டு த்ரெட்கள் தனித்தனியாகத் திறந்தால் அவை இரண்டு உரிமையாளர்கள். வேறொரு நூலகம் அதே கோப்பைத் திறந்து மூடினாலும் நம் பூட்டு அசையாது. பத்து ஆண்டுகள் கழித்து, பாசிக்ஸ் தரநிலையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு இதை ஏற்றுக்கொண்டது. 1988இல் நேர்ந்த தவறுக்குத் தரநிலை அளவில் மாற்று வர 36 ஆண்டுகள் ஆயின.

உரிமை மாறினால் மட்டும் போதாது

திறப்புப் பதிவை உரிமையாளராக்குவதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். ப்ராசஸ் பிரியும்போது பிள்ளை ப்ராசஸும் அதே பதிவைப் பெறுகிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் வழியாக, பூட்டோடு ஓடும் ஒரு வேலை, பின்னணியில் ஒரு சேவையைத் தொடங்கிவிட்டு முடிந்துபோகலாம். அந்தச் சேவை டிஸ்கிரிப்டரை மூடாதவரை பூட்டு அதன் கையிலேயே இருக்கும். அடுத்த முறை வேலை தொடங்காது. பூட்டு தன் நோக்கத்தைத் தாண்டி வாழ்கிறது. ஃப்ளாக் என்ற அதே பெயரில் இருக்கும் கட்டளையில், இயக்கப்படும் நிரலுக்கு டிஸ்கிரிப்டரைத் தராமல் மூடிவிடும் விருப்பம் இருப்பது இதற்காகவே. வேறு நிரலை இயக்கும்போது டிஸ்கிரிப்டர் தானே மூடிக்கொள்ளும் அடையாளத்தோடு கோப்பைத் திறப்பதை நிரலாளர்கள் வழக்கமாகக் கொள்ள வேண்டும். ப்ராசஸ் பிரியும்போதே மூடிக்கொள்ளும் அடையாளத்தையும் அதே 2024 பாசிக்ஸ் பதிப்பு சேர்த்திருக்கிறது.

அடுத்தது, பகிர்வுப் பூட்டைத் தனிப்பூட்டாக மாற்றுவது. படித்துக்கொண்டிருக்கும் நிரல் எழுத முடிவுசெய்யும்போது இது தேவைப்படும். ஃப்ளாக் இதை ஒரே செயலாகச் செய்வதில்லை. முதலில் பழைய பூட்டை விடுகிறது, பிறகு புதியதைக் கேட்கிறது. இடையில் இன்னொருவர் புகுந்து எழுதிவிட்டுப் போகலாம். காத்திருக்காமல் கேட்டு, புதிய பூட்டு கிடைக்காமல் போனால், கையிலிருந்த பழைய பூட்டும் போய்விடுகிறது. ‘கிடைக்கவில்லை’ என்ற பதிலில், ‘இருந்ததையும் இழந்தாய்’ என்ற செய்தி ஒளிந்திருப்பது கையேட்டைக் கூர்ந்து படித்தவருக்கே தெரியும். மாற்றம் நடந்தால் முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் பழைய பூட்டு அப்படியே இருக்க வேண்டும். இரண்டு வாசகர்கள் ஒரே நேரத்தில் எழுதக் கேட்டால், ஒருவர் மற்றவருக்காக முடிவின்றிக் காத்திருக்கும் நிலை வரும். அப்போது ஒருவருக்கு உடனே மறுப்புச் சொல்ல வேண்டும். எஸ்கியூலைட் இதைத் தன் பூட்டு நிலைகளாலேயே சாதிக்கிறது. எழுதும் எண்ணத்தை ஒருவர்தான் பதிவு செய்ய முடியும். அவர் எழுதத் தயாரானதும் புதிய வாசகர்கள் உள்ளே வருவது நிறுத்தப்படும். இதனால் எழுதுபவர் முடிவின்றிக் காத்துக்கிடப்பதில்லை.

காத்திருப்பிலும் குறை இருக்கிறது. கிடைக்கும்வரை காத்திரு, அல்லது உடனே பதில் சொல் என்ற இரண்டு வழிகளே இருக்கின்றன. ‘ஐந்து நொடி காத்திரு’ என்று கேட்க வழியில்லை. அலாரம் சிக்னல் வைத்து எழுப்புவது பழைய உத்தி, த்ரெட்கள் உள்ள நிரலில் அது தொல்லை. காலவரம்பை அழைப்பிலேயே சொல்ல முடிந்தால், ஒருவருக்கொருவர் காத்துக் கிடக்கும் முட்டுக்கட்டைகளில் பெரும்பகுதியிலிருந்து நிரல்கள் தாமே மீண்டுவிடும்.

அனுமதியைப் பொறுத்தவரை எஃப்கண்ட்ரோல் சரியாக நடக்கிறது. எழுதத் திறந்தவருக்கே தனிப்பூட்டு. லினக்ஸின் ஃப்ளாக், படிக்க மட்டும் திறந்தவருக்கும் தனிப்பூட்டைத் தருகிறது. அப்படியானால் கோப்பைப் படிக்க உரிமையுள்ள எவரும் அதை எழுத வேண்டியவரைக் காலவரையின்றி நிறுத்தி வைக்கலாம். இது மாற வேண்டும்.

இரண்டு பூட்டு வகைகளும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதும் தவறு. லினக்ஸின் உள்ளூர் வட்டில் ஒரு நிரல் ஃப்ளாக்கும் இன்னொன்று எஃப்கண்ட்ரோலும் போட்டால், இருவரும் தமக்கே பூட்டு என்று நம்புவார்கள். சில பிஎஸ்டிகளில் இரண்டும் மோதும். அஞ்சல் பெட்டிக் கோப்புகளில் இந்தக் குழப்பம் நீண்ட காலம் இருந்தது. டெபியனின் கொள்கை நூல் கடைசியில், முதலில் எஃப்கண்ட்ரோல், பிறகு பூட்டுக்கென்றே ஒரு தனிக் கோப்பு என்று வரிசையையே விதியாக்கியது. ஆளுக்கொரு வரிசையில் போட்டால் முட்டுக்கட்டை வரும் என்பதே காரணம்.

நெட்வொர்க் கற்றுத்தந்த பாடம்

நெட்வொர்க் கோப்பு முறைமையான என்எஃப்எஸ்ஸில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. லினக்ஸ் 2.6.11 வரை, என்எஃப்எஸ் கோப்பின் மேல் போட்ட ஃப்ளாக் பூட்டு அந்த ஒரு கணினிக்குள் மட்டுமே செல்லும். பக்கத்துக் கணினிக்கு அது தெரியாது. கேட்டவருக்கு ‘கிடைத்தது’ என்ற பதில் மட்டும் வந்தது. அடுத்த பதிப்பிலிருந்து அது எஃப்கண்ட்ரோல் பூட்டாக மாற்றப்பட்டு சர்வருக்கு அனுப்பப்படுகிறது.

என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில் பூட்டு ஒரு குத்தகை. வாடிக்கையாளர் அவ்வப்போது சர்வரோடு பேசிக் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். லினக்ஸில் வழக்கமான காலம் 90 நொடி. அதற்கு மேல் தொடர்பு அறுந்தால், வாடிக்கையாளர் மறைந்துவிட்டதாகக் கருதி சர்வர் பூட்டை வேறொருவருக்குத் தரலாம். இதில் குறை சொல்ல முடியாது. இறந்துபோன கணினிக்காக உலகம் காத்திருக்க முடியாது. ஆனால் வாடிக்கையாளர் இறக்கவில்லை, கம்பி மட்டும் அறுந்திருந்தது என்றால்? பழைய லினக்ஸில், தொடர்பு மீண்டதும் கர்னல் பூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும். இடையில் வேறொருவர் அந்தக் கோப்பை எழுதியிருக்கலாம் என்பது நிரலுக்குத் தெரியவே தெரியாது.

லினக்ஸ் 3.12 இதை மாற்றியது. பூட்டு தன்னிடம் இருப்பதாக நம்பும் ப்ராசஸ் அந்தக் கோப்பைப் படிக்கவோ எழுதவோ முயன்றால், இனி பிழையே கிடைக்கும். கோப்பை மூடி மறுபடி திறக்கும்வரை அப்படித்தான். நிரல் நின்றுபோகும், யாராவது வந்து பார்க்க வேண்டியிருக்கும். இருந்தும் தரவு காக்கப்படும். இழப்பைத் தவிர்க்க முடியாத இடத்தில், அதை மறைக்காமல் சொன்ன இந்த நடத்தையே எல்லாப் பூட்டுக்கும் முன்மாதிரி.

திறப்புப் பதிவுக்குச் சொந்தமான பூட்டுக்கும் விலை உண்டு. பாசிக்ஸ் பூட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் கர்னல் ப்ராசஸ் எண்ணைத் தரும். ஓஎஃப்டி பூட்டுக்கு அப்படி ஒரு எண் இல்லை, ஏனென்றால் ஒரு திறப்பைப் பல ப்ராசஸ்கள் பகிர்ந்திருக்கலாம். முட்டுக்கட்டையைக் கர்னலே கண்டுபிடித்துச் சொல்லும் வசதியும் அதில் இல்லை. ஆனால் இவை வசதிக் குறைகள். சொல்லாமல் விலகும் பூட்டோ சரிபார்க்கவே முடியாத பிழை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கர்னல் எழுதுவோரிடம் கேட்க வேண்டியவை இவை: பூட்டு திறப்புக்கே சொந்தமாகட்டும். வகை மாற்றம் ஒரே செயலாகட்டும். காத்திருப்புக்குக் காலவரம்பு வரட்டும். எழுதும் உரிமை உள்ளவருக்கே தனிப்பூட்டு கிடைக்கட்டும். காக்க முடியாத பூட்டைத் தந்ததாகச் சொல்லாமல், முடியாது என்றே பதில் வரட்டும்.

நிரல் எழுதுவோர் இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. கிடைக்கும் இடங்களில் ஓஎஃப்டி பூட்டைப் பயன்படுத்துங்கள். பூட்டு கிடைத்த பிறகே தரவைப் படியுங்கள், முன்பு படித்ததை நம்பாதீர்கள். பூட்டிய கோப்பும் அந்தப் பெயரில் இப்போது இருக்கும் கோப்பும் ஒரே ஐநோட்தானா என்று சரிபாருங்கள். பூட்டுக்கென்று வைத்த கோப்பை எப்போதும் அழிக்காதீர்கள், அழிக்கும்படி பிறருக்கு யோசனையும் சொல்லாதீர்கள்.